சர்வருக்குக் கிடைக்கும் மரியாதை

ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் கம்பெனியின் சர்வர் ஒன்றை யாரோ தாக்கினார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான கோரிக்கைகள் வந்து விழுந்தன. இந்தத் துறை பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மளிகைக் கடைக்குள் ஆயிரம் பேர் புகுந்து, எதையும் வாங்காமல், "அண்ணாச்சி, உப்பு என்ன விலை?" என்று ஒரே சமயத்தில் கத்தினால், நிஜமாகவே உப்பு வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார் இல்லையா, அதுதான் இது. நான் விழுப்புரத்தில் வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் என் முறை. போன் அலறியது. நாலு நிமிஷத்தில் ஐந்து பேர் ஒரே அழைப்பில் இருந்தோம். ஒருவர் வருகிற போக்குவரத்தை வடிகட்டினார். ஒருவர் பதிவுகளைப் பத்திரப்படுத்தினார். ஒருவர் வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்வதென்று எழுதினார். மேனேஜர் மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாம் அடங்கியது. திங்கட்கிழமை ஒரு கூட்டம். யார் மேல் தப்பு என்று பேசக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் விதி. எது சரியாக வேலை செய்யவில்லை, அடுத்த முறை என்ன செய்யணும், அவ்வளவுதான் பேச்சு.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட, "அந்த சர்வர் அப்படி என்னதான் பண்ணுச்சு? எதுக்கு இவ்ளோ பேர் அதைத் தேடி வந்தாங்க?" என்று கேட்கவில்லை. "கண்டுக்காம விட்டா தானா அடங்கிடும்" என்றும் யாரும் சொல்லவில்லை.

அதே மாதம் திண்டிவனத்திலிருந்து என் பள்ளித் தோழி போன் செய்தாள். அவள் தாலுகா நிருபர். பெயருக்குத்தான் நிருபர், மாதச் சம்பளம் கிடையாது, வெளியாகும் செய்திக்கு ஏற்ப ஏதோ கொஞ்சம் வரும், விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் வரும். பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்து வேலி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு செய்தி எழுதியிருந்தாள். பதினைந்து வரிகூட இருக்காது. மறுநாள் மதியம் அவளுடைய வாட்ஸப் முகப்புப் படம் உள்ளூர் குரூப்புகளில் சுற்ற ஆரம்பித்தது. முதல் செய்தி: "காசு வாங்கிட்டு எழுதுறா." இரண்டாவது: "இவ என்ன ஆளுங்க?" மூன்றாவது செய்தியில் அவளுடைய போன் நம்பர் இருந்தது.

இரண்டாவது கேள்விதான் எங்கள் மாவட்டத்தில் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் சாவி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் போதும், என்ன வசவு, எந்த அளவு, யார் யார் வந்து திட்டலாம் என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தெரியாத நம்பர்களிலிருந்து அழைப்பு. சிலர் பேசவில்லை, மூச்சு மட்டும் விட்டார்கள். சிலர் பேசினார்கள், அதை இங்கே எழுத முடியாது.

காலையில் அவள் மாவட்டப் பொறுப்பாளருக்குப் போன் போட்டாள். அவர் சொன்ன பதிலை அவள் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்: "இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம்மா. ரெண்டு நாள் போனை ஆஃப் பண்ணி வை, சரியாப் போயிடும்." கொஞ்சம் இடைவெளி. "ஆமா, அந்த நியூஸை நீ கொஞ்சம் ஓவரா எழுதிட்டியோ?"

அவள் போனை அணைத்து வைத்தாள். மூன்றாம் நாள் அதே மனிதர் அவள் அப்பாவின் நம்பருக்குக் கூப்பிட்டு, "போனை எடுக்கவே மாட்டேங்குதே உங்க பொண்ணு, மரக்காணம் மேட்டர் மிஸ் ஆயிடுச்சு" என்று கோபித்துக்கொண்டார்.

"டேய், உங்க ஆபீஸ் சர்வரா பொறந்திருக்கலாம்டா நான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

*

இந்தக் கட்டுரையின் வாதம் ரொம்ப எளிமையானது. ஒரு பத்திரிகையாளருக்கு அவர் எழுதிய செய்திக்காக இணையத்தில் நடக்கும் தாக்குதல், அவருடைய சொந்தப் பிரச்சினை இல்லை. அது வேலை செய்யும்போது நடந்த விபத்து. தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டால் அதற்கு முதலாளி எப்படிப் பொறுப்போ, அதே பொறுப்பு இங்கே செய்தி நிறுவனத்துக்கு உண்டு. ட்ரோல் செய்கிறவன் குற்றவாளி, சந்தேகமில்லை. ஆனால் அவனைப் பற்றியே பத்து வருஷமாகப் பேசிப் பேசி, இன்னொரு தரப்பை வசதியாகத் தப்பிக்க விட்டிருக்கிறோம். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு "தோலைத் தடிமனாக்கிக்கோ" என்று அறிவுரை சொல்லும் ஆசிரியர்களையும் முதலாளிகளையும்தான் சொல்கிறேன்.

இது என் தோழிக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2020-ல் யுனெஸ்கோவும் பத்திரிகையாளர்களுக்கான சர்வதேச மையமும் சேர்ந்து 125 நாடுகளைச் சேர்ந்த பத்திரிகையாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. பதில் சொன்ன பெண்களில் 73 சதவீதம் பேர் வேலை காரணமாக இணைய வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். 20 சதவீதம் பேருக்கு இணையத்தில் தொடங்கியது நேரடித் தாக்குதலிலும் மிரட்டலிலும் போய் முடிந்திருந்தது. என்னை உலுக்கியது இந்த இரண்டு எண்களும் அல்ல. தங்கள் நிறுவனத்திடம் இதைச் சொன்னவர்கள் 25 சதவீதம் பேர்தான். சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது? அதிகம் பேர் குறிப்பிட்டது, எந்தப் பதிலும் வரவில்லை என்பதை. அதற்கு அடுத்தபடியாக, மனசைத் திடப்படுத்திக்கோ என்கிற மாதிரி அறிவுரைகள். நீ என்ன செய்து அவர்களைத் தூண்டினாய் என்று கேட்கப்பட்டவர்களும் இருந்தார்கள். திண்டிவனத்துப் பொறுப்பாளர் இந்த மூன்றையும் ஒரே போனில் முடித்துவிட்டார். உலகத் தரம்!

*

நம் ஊரில் நடந்த, எல்லோருக்கும் தெரிந்த சம்பவங்களையே எடுத்துக்கொள்வோம்.

2018 ஏப்ரல் 17. ராஜ்பவனில் ஆளுநர் பன்வாரிலால் புரோஹித் செய்தியாளர்களைச் சந்தித்தார். அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை விவகாரத்தில் எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்த சந்திப்பு அது. 'தி வீக்' இதழின் லக்ஷ்மி சுப்ரமணியன் ஒரு கேள்வி கேட்டார். பதிலுக்கு ஆளுநர் அவர் கன்னத்தில் தட்டினார். லக்ஷ்மி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆளுநர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த சில நாட்களில், நடிகரும் பாஜக பிரமுகருமான எஸ்.வி.சேகர் தன் முகநூல் பக்கத்தில் ஒரு பதிவைப் பகிர்ந்தார். பெண் பத்திரிகையாளர்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்பது பற்றிய ஆபாசமான பதிவு. கண்டனம் எழுந்ததும் நீக்கிவிட்டு, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார்.

பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வழக்குப் பதிவானது. மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் மறுத்தது. ஒன்றைப் பகிர்வது அதை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பது நீதிமன்றத்தின் பார்வையாக இருந்தது. 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்ய மறுத்த உயர் நீதிமன்றம், அனுப்பிவிட்ட செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி என்று சொன்னது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நல்ல தீர்ப்பு. வரவேற்கிறேன். ஆனால் தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். பதிவு பகிரப்பட்டது 2018. முதல் தண்டனை 2024. கிட்டத்தட்ட ஆறு வருஷம். பிரபலமான ஆள், ஆதாரம் அவருடைய சொந்தப் பக்கத்திலேயே இருந்தது, மாநிலம் முழுக்கத் தெரிந்த விவகாரம், பின்னால் பத்திரிகையாளர் அமைப்புகள் நின்றன. அதற்கே ஆறு வருஷம். முகப்புப் படத்தில் ஒரு நடிகரையோ தலைவரையோ மாட்டிக்கொண்டு நள்ளிரவில் போன் போடும் முகமில்லாத ஆளுக்கு எதிராக ஒரு தாலுகா நிருபர் சட்டத்தை நம்பி உட்கார்ந்தால்? சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டம் ஆறு வருஷத்தில் வரும். அதற்குமுன் முதல் ஆறு மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. 2017 ஆகஸ்டில் 'தி நியூஸ் மினிட்' ஆசிரியர் தன்யா ராஜேந்திரன் ஒரு ட்வீட் போட்டார். ஷாருக் கானின் புதுப் படம் பிடிக்காமல் போனதைச் சொல்ல, விஜய் நடித்த 'சுறா' படத்திலிருந்து பாதியில் எழுந்து வந்ததை ஒப்பிட்டார். அவ்வளவுதான். ஒரு படம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு, அவர் பெயரைச் சேர்த்து ஒரு ஹேஷ்டேக் உருவாக்கி, பல்லாயிரக்கணக்கில் ஆபாச ட்வீட்டுகள். அவர் போலீஸில் புகார் கொடுத்தார். கடைசியில் விஜய்யே பெண்களை மதிக்க வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டு அறிக்கை விட வேண்டியிருந்தது.

அதே 2017. சந்தியா ரவிசங்கர் தென் மாவட்டக் கடற்கரைகளில் நடந்த தாது மணல் கொள்ளை பற்றி 'தி வயர்' தளத்தில் தொடராக எழுதினார். அவருடைய தொடர்பு விவரங்கள் இணையத்தில் பரப்பப்பட்டன, ட்விட்டரில் தொடர் வசை, கூடவே மிரட்டல் அழைப்புகள். ஒரு காபி ஷாப்பில் செய்திக்காக ஒருவரைச் சந்தித்தபோது பதிவான சிசிடிவி காட்சியும் வெளியிடப்பட்டது. அவர் அப்போது எந்த நிறுவனத்திலும் ஊழியர் கிடையாது, சுயேச்சையாக எழுதுகிறவர். ஒரு கோபக்கார ரசிகனுக்கு ஓட்டல் சிசிடிவி கிடைக்காது. அந்தக் காட்சி வெளியே வருகிறது என்றால் கும்பலுக்குப் பின்னால் காசும் கையும் இருக்கிறது என்று அர்த்தம். ட்ரோல் என்ற வார்த்தையே இதற்குப் போதாது.

பெண்களுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. 2020 ஜூலையில் மாரிதாஸ் என்ற யூடியூபர், நியூஸ்18 தமிழ்நாடு தொலைக்காட்சியின் பத்திரிகையாளர்களைப் பெயர் சொல்லித் தாக்கி வீடியோக்கள் வெளியிட்டார். நிறுவனத்திடமிருந்து வந்ததாக ஒரு மின்னஞ்சலையும் காட்டினார். அது போலி என்று அந்தக் குழுமத்தின் மூத்த அதிகாரியே போலீஸில் புகார் செய்தார். நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது, வீடியோக்களுக்கு எதிராக இடைக்கால உத்தரவும் வாங்கியது. ஆனால் ஜூலை 31 அன்று அதன் ஆசிரியர் மு.குணசேகரன் ராஜினாமா செய்துவிட்டார். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: கும்பல் பெயர் சொல்லிக் கேட்டது, பெயருக்குரியவர் அந்த மாதமே வெளியே இருந்தார். நிறுவனத்தின் பெயரைக் காக்க நீதிமன்றம் இருந்தது. அடுத்த கும்பல் இதிலிருந்து என்ன பாடம் கற்றுக்கொள்ளும்?

ரசிகர் கூட்டம், மணல் காசு, கட்சி, சாதி. தாக்குபவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு கட்சியின் ஐடி விங் திட்டினால் அடுத்த கட்சிக்காரர் கண்டன அறிக்கை விடுவார். நாளைக்கு அவர் கட்சி திட்டும்போது இவர் விடுவார். தாக்கப்படும் நாற்காலி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த நாற்காலியைப் போட்டவர் யாரோ, அவரிடம்தானே பேச வேண்டும்?

*

"மேனேஜ்மென்ட் என்னங்க பண்ண முடியும்? திட்டுறவன் எங்க ஆளு இல்லையே" என்பார்கள். இதற்கு என் அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, நாடாளுமன்றம் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்போம்.

2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் பெரும்பாலானோர் "உள்ளே இருக்கிற பாஸ் தப்பா நடந்துக்கிட்டா புகார் குடுக்கறதுக்கான சட்டம்" என்று மட்டும்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். அதன் 19-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். முதலாளி பாதுகாப்பான பணிச்சூழலைத் தர வேண்டும். வேலை நிமித்தம் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்து பாதுகாப்பதும் அதில் அடக்கம். பாதிக்கப்பட்ட பெண் போலீஸுக்குப் போக விரும்பினால் முதலாளி உதவ வேண்டும். தொந்தரவு செய்தவர் ஊழியராக இல்லாவிட்டாலும், அவள் விரும்பினால் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். 'பணியிடம்' என்பதற்குள் வேலை காரணமாகப் போகும் எந்த இடமும் வரும். 'ஊழியர்' என்பதற்குள் தற்காலிகமாக, தினக்கூலியாக, சம்பளமே இல்லாமல் வேலை பார்க்கிறவர்கூட வருவார். தாலுகா நிருபரை இதைவிடத் தெளிவாக எப்படி வர்ணிப்பது?

நிருபரின் பணியிடம் எது? திண்டிவனம் தாலுகா ஆபீஸ் வாசல், மயிலம் போலீஸ் ஸ்டேஷன், மரக்காணம் உப்பளத்து வரப்பு. அதோடு இன்றைக்கு அவள் கையில் இருக்கும் போன். அந்த வாட்ஸப் குரூப்பில் அவள் இருப்பதே செய்திக்காகத்தான். இணையத் தாக்குதல் எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாதி வசவுக்கு வேறு சட்டம், கொலை மிரட்டலுக்கு வேறு சட்டம், ஆண்களுக்கு இதில் இடமே இல்லை. ஆனால் "வெளியாள் செய்தால் முதலாளிக்குப் பொறுப்பில்லை" என்கிற வாதத்தை இந்த நாட்டின் சட்டம் பத்து வருஷத்துக்கும் முன்பே தூக்கிப் போட்டுவிட்டது. நியூஸ் ரூமுக்குத்தான் இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. செய்தி விற்கிறவர்கள் இவர்கள்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிருபர்களை ட்விட்டர் கணக்கு தொடங்கு, இன்ஸ்டாவில் ரீல் போடு, யூடியூபில் முகம் காட்டு என்று நெருக்குவது யார்? நிறுவனங்கள்தான். சண்டை மூட்டுகிற மாதிரி தலைப்பு வைத்து, தம்ப்நெயிலில் நெறியாளர் முகத்தைப் பெரிதாகப் போடுவது யார்? அந்தத் தலைப்பைப் பெரும்பாலும் அவர் வைப்பதுகூட இல்லை. திட்ட வருகிறவனும் ஒரு பார்வைதான். அவன் எழுதும் வசவும் கணக்கில் ஒரு கமெண்ட்தான். வருகிற பார்வைக்குக் காசு கம்பெனிக்கு, வசவு மட்டும் அவளுக்கு. லாபத்தை ஒருத்தரும் அடியை இன்னொருத்தரும் வாங்குகிற இந்த ஏற்பாட்டுக்குத் 'துணிச்சலான இதழியல்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

*

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

முதலாவது, "பத்திரிகைக்காரனை விமர்சிக்கவே கூடாதா?" கூடும். தாராளமாக. தமிழ் ஊடகங்கள் விமர்சனத்துக்கு ஏராளமாகத் தீனி போடுகின்றன. 2022-ல் கனியாமூர் மாணவி இறந்தபோது யூடியூப் சேனல்களில் நடந்த துப்பறியும் நாடகங்களைப் பார்த்த யாரும் ஊடகத்தைப் புனிதப் பசு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிக்கலானது கிடையாது. "பாதை மறிக்கப்படவில்லை, இதோ வருவாய்த்துறை வரைபடம்" என்று எழுதினால் விமர்சனம். "இவ என்ன ஆளு?" என்று கேட்டால் வேட்டை. முன்னது செய்தியைப் பற்றிப் பேசுகிறது. பின்னது செய்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை. 2015-ல் வி.கே.சிங் மத்திய அமைச்சராக இருந்துகொண்டே பத்திரிகையாளர்களைப் 'பிரஸ்டிட்யூட்' என்றாரே, அதில் எந்தச் செய்தியின் எந்த வரி மறுக்கப்பட்டது?

இரண்டாவது, "வெறும் வார்த்தைதானே, அடிச்சாங்களா என்ன?" கௌரி லங்கேஷை 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். பல காலம் வசவுகளோடுதான் அவர் வாழ்ந்தார். ஒவ்வொரு வசவும் துப்பாக்கியாக மாறாது. எது மாறும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதனால்தான் எல்லாவற்றையும் பதிவு செய்து, ஒருவர் உட்கார்ந்து எடை போட வேண்டும். எங்கள் வேலையில் எந்த எச்சரிக்கை மணியும் "சும்மா அடிக்குது" என்று ஊகத்தின் பேரில் அணைக்கப்படாது. பார்த்துவிட்டுத்தான் அணைப்போம். அதிலும் டெல்லியில் இருக்கும் நெறியாளருக்கும் திண்டிவனம் நிருபருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவருடைய முகவரியை யாராவது கண்டுபிடித்து வெளியிட வேண்டும். இவளுடைய வீடு ஊருக்கே தெரியும். மேம்பாலத்துக்குக் கீழே எந்த டீக்கடையில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மூன்றாவது, "சின்ன பத்திரிகை, எங்ககிட்ட காசு இல்லை." இதைத்தான் நான் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாதி உண்மை. அதனால் காசு அதிகம் ஆகாத விஷயங்களை மட்டும் பட்டியலிடுகிறேன். சர்வதேச பத்திரிகை நிறுவனமான ஐபிஐ, நியூஸ் ரூம்களுக்கென்றே ஒரு நடைமுறையை எழுதி வெளியிட்டிருக்கிறது. அதையும் என் தொழிலில் நாங்கள் தினமும் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்று, ஒரு ஆள். தாக்குதல் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று ஒவ்வொரு நிருபருக்கும், தாலுகா நிருபர் உட்பட, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் அவளுடைய நேரடி மேலதிகாரியாக இருக்கக் கூடாது. "ஓவரா எழுதிட்டியோ" என்று கேட்கக் கூடிய இடத்தில் இருப்பவரிடம் யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு, தாக்கப்பட்டவர் தன்னைப் பற்றிய வசவைத் தானே படிக்கக் கூடாது. அவள் சம்மதத்தோடு வேறொருவர் அந்தக் கணக்கைக் கையில் எடுத்து, மிரட்டல் எது, வெறும் எரிச்சல் எது என்று பிரிக்க வேண்டும். உதவிகளிலேயே மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். செலவு, ஒரு சக ஊழியரின் ஒரு மாலைப் பொழுது.

மூன்று, தடை செய்வதற்கு முன்னால் பதிவு. திரைப்பிடிப்பு, இணைப்பு முகவரி, தேதி, நேரம், அனுப்பியவரின் நம்பர். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிற பெண்களிடம் "ஆதாரம் எங்கம்மா?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

நான்கு, வேலைக்கென்று தனி நம்பர். ஒரு சிம் கார்டு, ஒரு ரீசார்ஜ். அப்பா, அம்மா, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லோரும் கூப்பிடும் நம்பரும் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கூப்பிடும் நம்பரும் ஒன்றாக இருப்பதால்தான் போனை அணைத்தால் வாழ்க்கையே அணைந்துவிடுகிறது.

ஐந்து, புகாரை நிறுவனம் தன் கடிதத்தாளில் கொடுக்க வேண்டும். தனி ஆளாக ஒரு பெண் விழுப்புரம் சைபர் கிரைம் போலீஸுக்குப் போவதும், பத்திரிகையின் ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போவதும் ஒன்று இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். கடிதத்தாள் சும்மாதானே கிடக்கிறது?

ஆறு, செய்திக்குப் பின்னால் நிற்பது. "எங்கள் நிருபர் எழுதிய செய்தியைச் சரிபார்த்தோம், அது உண்மை, அவருக்குப் பின்னால் நிற்கிறோம்" என்று இரண்டு வரி, அடுத்த நாள் அதே பக்கத்தில். செய்தி தப்பென்றால் தப்பு என்று நிறுவனமே திருத்தம் போடட்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அது பத்திரிகையின் பேச்சு. மௌனமாக இருந்தால், பதில் சொல்ல வேண்டியவளாக அவள் மட்டும் நிற்கிறாள்.

இந்த ஆறில் எதற்கு வெளிநாட்டு நிதி வேண்டும்?

*

இதையெல்லாம் ஏன் ஒரு சாப்ட்வேர் ஆள் எழுதணும் என்று கேட்கலாம். இரண்டு காரணம். இந்த வேட்டைக்கான கருவிகளைச் செய்தது என் தொழில்தான். ஒரு செய்தியை ஒரு தட்டில் நூறு பேருக்கு அனுப்ப முடிவதும், கோபம் வேகமாகப் பரவுவதும் தற்செயல் அல்ல. யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து எழுதிய வரிகள். அந்தக் கூச்சம் எனக்கு உண்டு.

இரண்டாவது காரணம் என் மாவட்டம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் கள்ளச்சாராயத்துக்கு ஆட்கள் செத்தபோது, அடுத்த மாதம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்தபோது, 2024-ல் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, முழங்கால் தண்ணீரிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று தகவல் சொன்னவர்கள் இந்த மாதிரி தாலுகா நிருபர்கள்தான். சென்னையிலிருந்து கேமரா வண்டி புறவழிச்சாலையில் இறங்குவதற்குள் ஊரில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய பெயர் பெரும்பாலும் செய்தியில் வராது. வசவில் மட்டும் தவறாமல் வரும்.

ஒரு நிருபரைத் துரத்தினால் ஒரு நிருபர் போவார் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. அவர் அங்கேயேதான் இருப்பார், செய்தி மட்டும் போய்விடும். என் தோழி வேலையை விடவில்லை. இப்போதும் தினமும் செய்தி அனுப்புகிறாள். கும்பாபிஷேகம், இலவசக் கண் சிகிச்சை முகாம், பள்ளி ஆண்டு விழா, எம்எல்ஏ அடிக்கல் நாட்டு விழா. எல்லாம் வெளியாகிறது. மாவட்டப் பொறுப்பாளர்கூட, "இப்பதாம்மா நீ தொழிலைக் கத்துக்கிட்டே" என்று பாராட்டினாராம். யாரும் அவளைத் திட்டுவதில்லை.

போன மாதம் திண்டிவனம் போயிருந்தபோது அந்தக் கிராமத்தைப் பற்றிக் கேட்டேன். வேலி இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போகிறார்கள்.

"எழுதலாமே" என்றேன்.

"யாரு?" என்றாள்.